கட்டிலும் கடிகாரமும்

என்னோடு இருபது ஆண்டுகள் ஒரே பாடசாலையிற் படிப்பித்த ஆசிரியர் ஒருவரைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. வலக் கையும் வலக் காலும் இயங்கவில்லை. பேச்சிற் பாதி வந்தது, பாதி வரவில்லை. ஊரைவிட்டு வெகுதூரத்தில் உள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றிற் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாடசாலை விடுமுறையாதலாற் பகலிலே அவர் கட்டிலருகே இருக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பதினெட்டு நாட்கள் இருந்தேன்.

கட்டிலருகே இருப்பவனுக்குக் கடிகாரம் பார்ப்பதன்றி வேறு தொழிலில்லை. ஆகவே ஒரு கணக்குத் தானாகவே மனத்தில் விழுந்தது. இயன்மருத்துவம் செய்யும் பெண்பிள்ளை காலை பத்து மணியளவில் வருவார். கையை மடக்குவார், நீட்டுவார், கட்டில் விளிம்பிலே இருத்துவார், தோளைப் பிடித்துக்கொண்டு நிறுத்திப் பார்ப்பார். கால் மணி நேரம் ஆகும். பின்னர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மிகுதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரமும் எங்கள் ஆசிரியர் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். ஒருநாள் பத்து மணிக்கு அவரைத் தலைப்படம் பிடிக்கக் கொண்டுபோயிருந்தார்கள். அன்றைக்குக் கால் மணியும் இல்லை. சனியும் ஞாயிறும் ஒருவரும் வரவில்லை.

அந்தப் பெண்பிள்ளைமீது நான் குறை சொல்லவில்லை. "ஏன் பிள்ளை இவ்வளவு கெதியாய்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஐயா, இண்டைக்கு எனக்கு முப்பது பேர்" என்றார். முப்பது பேரைக் கால் மணியாற் பெருக்கிப் பார்த்தேன். ஏழரை மணி நேரம். தண்ணீர் குடிக்கவும் அவருக்குப் பொழுதில்லை.

நோயாளியின் பொழுதைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று பழைய கட்சி. "வருத்தக்காரனைச் சும்மா கிடக்கவிடுங்கோ; உடம்பு ஆறட்டும்" என்பது அதன் கொள்கை. பார்க்க வருகிற உறவினருள் முக்காற்பங்கினர் இக்கட்சியே. மற்றது புதிய கட்சி. பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் வீடுகளிலே அது பலமாக இருக்கிறது. "இங்கே நாளுக்கு மூன்று மணித்தியாலம் கொடுக்கிறார்கள், அங்கே ஏன் கால் மணி?" என்று தொலைபேசியில் அதட்டுவார்கள்.

புதிய கட்சியார் சொல்லும் கணக்குப் பொய்யன்று. பாரிசவாதம் கண்டவருக்கு வேண்டிய சிகிச்சை ஒவ்வொன்றும் நாளுக்கு 45 நிமிடமாவது, வாரத்தில் 5 நாளாவது கிடைக்கவேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013 ஆம் ஆண்டிற் கூறிற்று. 2023 இல் அதனைத் திருத்தி, எல்லாச் சிகிச்சையும் சேர்ந்து நாளுக்கு 3 மணி நேரமாவது என்று உயர்த்தியது. அமெரிக்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகளிலும் மூன்று மணி நேர விதி ஒன்று நெடுங்காலமாக உண்டு. (புனர்வாழ்வு என்னும் சொல்லை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகிறது. 2009 இன் பின் நம் நாட்டில் அந்த நல்ல சொல் தடுப்பு முகாமோடு சேர்ந்து வழங்கிவிட்டது. வைத்தியசாலைக்குரிய பொருளிலேயே அதனை இங்கு ஆளுகின்றேன்.)

ஆயினும் இரு கட்சியாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. இருவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், கட்டிலைப் பார்க்கிறாரில்லை.

மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றயற் குறளிலே, கற்ற மருத்துவன் கருதவேண்டியவை மூன்று என்கிறார் திருவள்ளுவர். நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம். மாணவர் பலர் இக்குறளை மனனஞ் செய்திருப்பர். அதில் ஒரு நுட்பத்தை நோக்குக. முன்னிரண்டோடும் அளவு என்னும் சொல்லை ஒட்டியவர் காலத்தோடு ஒட்டாது விட்டார். யாப்பு இடங்கொடாமையால் விட்டார் என்று சொல்வோர் சொல்லட்டும். காலத்துக்கென்று தனியே ஓர் அளவில்லை, ஆளையும் நோயையும் அளந்த பின்னரே காலத்தை வெட்டவேண்டும் என்பது அவர் குறிப்பு என்று நான் கொள்ளுகின்றேன். உரைகாரர் இதனை ஒப்பாவிடினும் கவலையில்லை. வாட்டிலே பதினெட்டு நாள் இருந்தவனுக்கு இப்பொருள்தான் தோன்றும்.

எங்கள் ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். அந்த வாட்டிலே விடிய நாலரை மணிக்கு எழுப்பி முகங்கழுவித் துடைத்துவிடுவார்கள். ஏழு மணிக்குப் பெரிய டொக்டரின் வரவுக்காகக் கட்டில்களை ஒழுங்கு செய்வார்கள். பத்து மணிக்கு இயன்மருத்துவம் வரும்போது அவருக்கு நித்திரை கண்ணைச் சொருகும். பாரிசவாதம் கண்டோருக்கு வரும் களைப்பு நம்முடைய களைப்புப் போன்றதன்று. இரண்டு சொல் பேசியதும் மலையேறியவர்போற் சாய்ந்துவிடுவர். பகல் நித்திரை கழிந்து நாலு மணியளவிலேதான் ஆசிரியர் தெளிவாக இருப்பார். கண்ணிலே ஒளி வரும். காலை அசைக்க முயல்வார். அந்த வேளையில் இயன்மருத்துவப் பகுதி பூட்டியாயிற்று. கொடுத்த கால் மணியும் பொருந்தாத கால் மணியாகப் போயிற்று.

அளவு மிஞ்சினாலும் தீங்கு உண்டு என்பதற்குப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளிலே, 56 வைத்தியசாலைகளில், 2104 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2015 இல் வெளியாயிற்று. ஒரு சாராரை நோய் கண்டு 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, கட்டிலைவிட்டு இறக்கி, கூடுதலாகப் பயிற்றினார்கள். மற்றச் சாராருக்கு வழமையான பராமரிப்பு. நாளுக்கு முன்னவர்க்குக் கிடைத்தது 31 நிமிடம்; பின்னவர்க்கு 10 நிமிடம். கூடக் கொடுத்தால் கூட நன்மை என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். மூன்று மாதங் கழித்துப் பார்த்தபோது, பிறர் துணை பெரிதும் வேண்டாத நிலையை அடைந்தோர் வழமையான பராமரிப்பில் நூற்றுக்கு 50 பேர். கூடப் பயிற்றியோரில் நூற்றுக்கு 46 பேர்.

பழைய கட்சியார் இதைக் கேட்டுக் கைதட்ட வேண்டாம். அதே ஆய்வின் கணக்கை அடுத்த ஆண்டு மீண்டும் நுணுகி நோக்கியபோது வேறோர் உண்மை தெரிந்தது. ஒரே தடவையில் நெடுநேரம் எழுப்பி வைத்ததுதான் கெடுத்தது. சிறிது சிறிதாக, பல தடவை எழுப்பப்பட்டோர் நன்மையே அடைந்தனர். முதல் நாட்களைப் பற்றிய முடிவு இது. வாரங்கள் கழிந்து உடம்பு தேறியவர்க்கு மூன்று மணி நேரமும் தாங்கும், வேண்டும். ஆகவே மூன்று மணி என்ற விதியும் பத்து நிமிடம் என்ற வழக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே நோயாளியின் வேறுவேறு நாட்களுக்கு உரியவை அவை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய சங்கதியன்று. நிகண்டு பாடமாக்கிய காலத்திலே ஒரே நாளில் ஐம்பது செய்யுளைத் திணித்த ஆசிரியர் எவருமிலர். விடியற்காலையில் இரண்டு செய்யுள். கிணற்றடியிலே அவ்விரண்டையும் மீட்டல். விளக்கு வைத்தபின் மறுபடியும் அவ்விரண்டு. மறுநாள் பழைய இரண்டோடு புதிய இரண்டு. இப்படியே நிகண்டு முழுவதும் நாவில் ஏறிற்று. நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கிற பாடசாலை வந்த பின்னர் நாம் அதை மறந்துவிட்டோம். வைத்தியசாலையும் மறந்துவிட்டது.

மீட்டல் எத்தனை தடவை வேண்டும்? வட அமெரிக்காவிலே இயன்மருத்துவ வேளைகளை அருகிருந்து எண்ணிப் பார்த்த ஆய்வொன்று 2009 இல் வந்தது. கைக்கென்று பயிற்சி நடந்த வேளைகளிலே, எடுத்தல் வைத்தல் போன்ற பயனுள்ள செயலைக் கை செய்தது சராசரி 32 தடவை. மூளையிலே புதுவழி திறப்பதற்கு நூற்றுக்கணக்கான தடவை வேண்டும் என்பது விலங்குகளில் ஆராய்ந்தோர் கண்டது. முப்பத்திரண்டுக்கும் நூற்றுக்கணக்குக்கும் இடையிலுள்ள குறையை எந்த இயன்மருத்துவர் வந்து நிரப்புவார்? அவரால் ஆகாது. அந்த எண்ணிக்கை மிகுதிப் பொழுதிலேதான் இருக்கிறது. சோறு உண்பதில், தண்ணீர் குடிப்பதில், சட்டைத் தெறி பூட்டுவதில் இருக்கிறது.

அந்த மிகுதிப் பொழுது எப்படிக் கழிகிறது? மெல்பேண் நகரத்தின் ஐந்து பாரிசவாதப் பிரிவுகளிலே பகல் முழுவதும் நோயாளரைக் கண்காணித்து எழுதிய ஆய்வு 2004 இல் வெளியாயிற்று. பாதிப் பொழுதுக்கு மேல் அவர்கள் கட்டிலிற் கிடந்தார்கள். நூற்றுக்கு 60 பங்கு பொழுது தனியே இருந்தார்கள். செல்வமுள்ள நாட்டின் நல்ல வைத்தியசாலைகளில் இந்தக் கதை.

நம் நாட்டு நோயாளி தனியே இருப்பதில்லை. அவனுக்கு வேறொரு கேடு உண்டு. அதன் பெயர் அன்பு.

ஆசிரியரின் மகள் மூன்று வேளையும் சோறு குழைத்துத் தீத்துவார். தண்ணீரைப் பேணியில் வார்த்து வாயிலே வைப்பார். மூக்கிலே ஈ இருந்தால் அதையும் கலைப்பார். வலக் கை பக்கத்திலே துணிப்பொட்டலம்போற் கிடக்கும். அதற்கு ஒரு வேலையுமில்லை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, இயன்மருத்துவப் பெண்பிள்ளை இதைக் கண்டுவிட்டார். "அக்கா, நீங்கள் தீத்தத் தீத்த அவற்ர கை மறந்துபோகும். பேணியை அந்தக் கைக்குள்ள வையுங்கோ. மற்றக் கையால அவரே தாங்கட்டும். ஊத்துப்பட்டால் ஊத்துப்படட்டும்" என்றார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பனுக்குச் சோறு தீத்துவது பிழை என்று அவருக்கு அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

கை மறந்துபோகும் என்று அந்தப் பிள்ளை சொன்னது வெறும் பேச்சன்று. 2006 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றிலே, நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரை எடுத்தார்கள். விரலும் மணிக்கட்டும் சற்றேனும் அசையக்கூடியவர்கள் அவர்கள். ஒரு சாராருக்கு நல்ல கையிலே உறை மாட்டிவிட்டார்கள். விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பகுதியும் உறை கழற்றலாகாது. இரண்டு வாரம் இப்படி, கூடவே பயிற்சியும். நல்ல கை சிறைப்படவே நோயுற்ற கை வேலைக்குப் போயிற்று. அதனாற் பெற்ற பயன் ஓராண்டு கழிந்தும் நிலைத்தது.

இதைப் படித்தவுடன், "அப்படியானால் எல்லாவற்றையும் வீட்டாரிடமே விட்டுவிடலாமே, அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம்" என்று ஓர் அதிகாரி எழுந்து சொல்லக்கூடும். அவருக்காக இன்னொரு கணக்கு வைத்திருக்கிறேன். இந்தியாவின் 14 வைத்தியசாலைகளில் 1250 நோயாளரைக் கொண்டு, குடும்பத்தாரைப் பழக்கி அவர்களைக் கொண்டே வீட்டிற் பயிற்சி செய்வித்தார்கள். முடிவு 2017 இல் வந்தது. ஆறு மாதத்தின் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோருமாக, பழக்கிய குடும்பங்களில் நூற்றுக்கு 47. பழக்காத குடும்பங்களிலும் நூற்றுக்கு 47. வித்தியாசமே இல்லை. அன்பு மட்டும் போதாது. அவசரமாகச் சொல்லிக்கொடுத்த கைமுறையும் போதாது.

ஈற்றுக் குறளிலே மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்றார் வள்ளுவர். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றாற் பக்கம், பக்கத்தே நிற்பவன். அவன் நாலில் ஒரு கூறு. தீர்ப்பவனுடைய இடத்தை அவனிடம் கொடுத்துவிட்டுத் தீர்ப்பவன் போய்விடலாம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. இயன்மருத்துவர் நாள்தோறும் வந்து, இன்று இவ்வளவு, நாளை இவ்வளவு என்று அளந்து கொடுத்தாற்றான் மகளின் கைக்கு அளவு தெரியும். ஆளணியைக் கூட்டாமல் உறவினருக்குத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது சிகிச்சையன்று.

ஆளணி கூடினாலும் நிமிடத்தை எண்ணும் நோய் நம்மைப் பிடிக்காமற் பார்க்கவேண்டும். அமெரிக்காவிலே மருத்துவப் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசுக் காப்புறுதி பணம் கொடுத்த முறையிலே, வாரத்துக்கு 720 நிமிடச் சிகிச்சை என்பது மிக உயர்ந்த படி. அந்தப் படியிற் சேர்ந்த கணக்குகளை எடுத்துப் பார்த்தால், அரைவாசிக்கு மேற்பட்டவை 720க்கும் 730க்கும் இடையே வந்து குவிந்திருந்தன. நோயாளர் அத்தனை பேருக்கும் ஒரே அளவு சட்டை பொருந்திய அதிசயம்! 2019 ஒக்ரோபரில் அம்முறையை மாற்றி, நோயாளியின் நிலையைக் கொண்டு பணம் கணித்தார்கள். மாற்றியதும் கொடுக்கும் நிமிடங்கள் குறைந்தன என்பது அடுத்த வேடிக்கை. நம் நாட்டில் வைத்தியம் இலவசம். இந்த வியாபாரம் இல்லை. ஆனால் பதிவேடு உண்டு. "பார்த்தாயிற்று" என்று அடையாளமிடும் பதிவேடும் நிமிடக் கணக்கின் தம்பிதான்.

பேச்சுச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லாது விட்டால் தமிழாசிரியன் என்ற பெயருக்கு நான் தகுதியில்லை. அதற்குப் பொழுது மட்டும் போதாது, மொழியும் வேண்டும். அந்த வைத்தியசாலையிலே வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓர் அம்மையார் வருவார். மிக நல்ல மனம். சிங்களம் அவர் தாய்மொழி. தமிழிற் பத்துச் சொல் தெரியும். படத்தட்டுகளைக் காட்டுவார். அப்பிள் பழம், பனிச்சறுக்கு வண்டி, கம்பளிக் கையுறை. அரிச்சுவடியோடும் அகராதியோடும் வாழ்ந்த மனிதர் இவற்றைப் பார்த்து விழிப்பார். அவருக்குச் சொல் வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். சொல் வரவில்லையா, பண்டம் தெரியவில்லையா என்று யார் பிரித்தறிவது?

ஒரு மாலைப் பொழுதில், மனம் பொறாமல் தேவாரம் ஒன்றின் முதலடியை மெல்லப் பாடினேன். அடுத்த அடி அவர் வாயிலிருந்து பிழையின்றி வந்தது. "தண்ணீர்" என்று சொல்ல முடியாதவர் பதிகத்தின் பாட்டைப் பாடி முடித்தார். பக்கத்துக் கட்டிற்காரர் எழுந்து இருந்துவிட்டார். நோய் போய்விட்டது என்று நான் எண்ணி மகிழ்ந்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. போகவில்லை. மனனமான பாட்டு வரும், வேண்டிய சொல் வராது என்பது இந்நோயின் இயல்புகளுள் ஒன்றாம். ஆயினும் பாட்டின் வழியே பேச்சுக்குப் பாதை வெட்டும் சிகிச்சை ஒன்றை 1973 இல் பொஸ்ரன் நகரத்தார் வகுத்திருக்கிறார்கள். ஓதுவார் மரபும் பண்ணும் உடைய நமக்கு அதற்கு வேண்டிய கருவி வீட்டிலேயே கிடக்கிறது.

இந்த நாட்டிலே பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் அதற்குப் போகவேண்டும். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதை ஆசிரியர்கள் சொல்லவேண்டும். இன்னொரு வேலை நாமே செய்யக்கூடியது. சுளகு, திருவலை, மூக்குப்பேணி, கிணற்றுவாளி, குத்துவிளக்கு என்று நம் வீட்டுப் பண்டங்களின் படங்களைச் சித்திர ஆசிரியர் வரையட்டும். உதட்டிலே பிறக்கும் எழுத்து முன், நாநுனி வளைந்து பிறக்கும் எழுத்துப் பின் என்று எளியதிலிருந்து அரியதற்குப் போகும் வரிசையைத் தமிழாசிரியர் அமைக்கட்டும். எழுத்துப் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துத் தந்திருக்க, அதைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பிக்கிறோம். யாழ்ப்பாணத்துச் சொல் வேறு, மட்டக்களப்புச் சொல் வேறு, மலையகத்துச் சொல் வேறு. மூன்றுக்கும் தனித்தனித் தொகுதி வேண்டும். சிகிச்சையாளரே அதைத் திருத்தி ஆளவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வைத்தியசாலையாரிடம் நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அந்த நோயாளிக்கென்று ஒரு நேரசூசி தொங்கட்டும். எந்நேரம் இருத்தவேண்டும், எந்தக் கையாற் குடிக்கவேண்டும், எந்நேரம் குழப்பாமல் நித்திரைக்கு விடவேண்டும் என்று அதில் இருக்கட்டும். தாதியும் பார்ப்பார்; சிற்றூழியரும் பார்ப்பார்; மகளும் பார்ப்பார். தலைப்படம் எடுக்க வண்டில் கொண்டுவருபவரும் பார்ப்பார். பத்து மணிக் கால் மணியை, இயலுமிடத்துக் காலையில் ஒரு பாதியும் மாலையில் ஒரு பாதியுமாக வெட்டட்டும். சனி ஞாயிறுக்கு முறைவைத்து ஒருவரேனும் வரட்டும்.

பத்தொன்பதாம் நாள் ஆசிரியருக்குத் துண்டு வெட்டினார்கள். ஒரு மாதங் கழித்துக் கிளினிக்குக்கு வரும்படி எழுதியிருந்தது. அந்தத் துண்டின் பின்புறத்திலே இயன்மருத்துவப் பெண்பிள்ளை தன் கையால் ஆறு நேரம் குறித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். அதிலே மாலை நாலு மணிக்கு எதிரே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தார். கிளினிக்கிலே அந்தக் குறிப்பை அவர் மூன்று தடவை மாற்றி எழுதிவிட்டார். போன கிழமை நான் போனபோது ஆசிரியர் தாமே தேநீர் குடித்தார். வேட்டியிலே பாதி ஊற்றுண்டது. மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னாற் கட்டிக்கொண்டு கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து இன்னும் வரவில்லை.